ஒட்டாமல் விட்ட நாலாவது இழை

சவரிராயன் இறந்த செய்தி வந்தபோது, அவரோடு சண்டை போடுவதற்காகவே நான் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். பிள்ளைச்சாவடி தாண்டியதும் கைபேசி அடித்தது. காலாப்பட்டில் அவருடைய ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கும் கலைவாணி.

"சார், சவரி சார் போய்ட்டாரு. காலைல வீட்லயே, மாரடைப்பு. எங்க இருக்கீங்க?"

அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக் குருசுக்குப்பத்தில் இருந்த அவர் வீட்டுக்குத் திரும்பினேன். வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வசவுகளை என்ன செய்வது என்று தெரியவில்லை.

அவரோடு பழகியவர்களுக்கு என் கோபம் புரியும். எதையும் உடனே நம்பமாட்டார். ஏன் நம்பவில்லை என்றும் சொல்லமாட்டார். வீட்டுக்குப் புது ஃப்ரிட்ஜ் வாங்கியபோது முதல் ஒரு வாரம் அதற்குள் வெப்பமானிதான் இருந்தது. பால் வெளியே கெட்டுப்போனது. "இந்த மனுசன கட்டிக்கிட்டதுக்கு நான் அந்த ஃப்ரிட்ஜையே கட்டிக்கிட்டு இருக்கலாம்" என்று அவர் மனைவி என்னிடமே சொன்னார். சவரி பக்கத்திலேயே உட்கார்ந்து வெப்பமானியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்படிப்பட்டவரைப் பள்ளிக்கூட வேலைக்கு அழைத்துவந்தவன் நான்தான். கட்டிடப் பொறியாளனான என்னிடம் ஊருக்குள் ஒரு பெண்கள் பள்ளி வந்தது. பிரெஞ்சுக்காரர் காலத்துக் கட்டிடம். கீழே பெரிய கூடம், மேலே நூலகம், நடுவே தாங்குவதற்கு மூன்று இரும்பு உத்திரங்கள். நடு உத்திரத்தை ஒட்டிக் கூரைப்பூச்சில் விரிசல். கோடை விடுமுறை முடிந்ததும் பிள்ளைகள் அதற்குக் கீழே உட்கார வேண்டும். உட்காரலாமா கூடாதா என்று சொல்வதுதான் எங்கள் வேலை.

சவரி தலைமுடி பருமனுள்ள கண்ணாடி இழைகளைக் கொண்டுவந்து உத்திரத்துக்கு ஒன்றாக ஒட்டினார். உத்திரம் இழுபட்டால் இழையும் இழுபடும். அதற்குள் அனுப்பும் ஒளி திரும்பி வரும்போது துளி மாறி வரும். அதைக் கருவி குறித்துக்கொள்ளும். இதுவரை எனக்குச் சொன்னார். நடு உத்திரத்தின் பக்கத்தில் நாலாவதாக ஓர் இழை எதிலும் ஒட்டாமல் தொங்கிக்கொண்டிருந்ததைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் நான் தனியாகப் போனபோது அது கண்ணில் பட்டது. மறந்துவிட்டார் என்று நினைத்தேன். வெள்ளையடிக்க வருகிறவன் இழுத்து அறுத்துவிடுவானே என்று நானே ஏணி போட்டு ஏறி, பசை தடவி, உத்திரத்தில் நேர்த்தியாக ஒட்டிவிட்டு இறங்கினேன். அவரிடம் சொல்லவும் மறந்தேன்.

இரண்டு வாரக் கணக்கு வந்தது. விரிசல் விட்ட நடு உத்திரம்தான் மூன்றிலும் நல்ல பிள்ளையாக இருந்தது, அசைவே இல்லை. கையெழுத்துப் போடுங்கள் என்றேன்.

"ரொம்ப நல்லா இருக்கு சார். அதான் பயமா இருக்கு. இன்னும் மூணு வாரம் ஆவும்" என்றார்.

பள்ளி திறக்கப் பத்து நாள்கூட இல்லை. தலைமையாசிரியை என்னைப் பிடித்துக்கொண்டார். "புள்ளைங்கள மரத்தடியிலயா உட்கார வைப்பேன்? உங்க சவரிராயனுக்கு ஒரு கையெழுத்துப் போட இவ்ளோ நாளா?" நான் அதையே இரண்டு மடங்காக்கிச் சவரி மேல் கொட்டினேன். தினமும் மிஸ்டு கால் கொடுப்பார், நான் கூப்பிட்டால் "இன்னும் முடியல சார்" என்பார். காசு என்னுடையது, பதிலும் அவ்வளவுதான். பள்ளி திறந்தது, கூடம் பூட்டியே கிடந்தது. பொறுக்க முடியாமல்தான் அன்று பேருந்து ஏறினேன்.

சவரி வீட்டு வாசலில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது கலைவாணி பக்கத்தில் வந்தாள்.

"அந்த நாலாவது இழைய யாரோ ஒட்டிட்டாங்க சார். சவரி சார்தான் ஏறிப் பிரிச்செடுத்து, வேற ஒண்ணு தொங்கவிட்டு, மொதல்லேர்ந்து ஆரம்பிச்சாரு."

"அது ஒட்டக்கூடாதா?"

"கூடாது சார். ஒட்டுன இழைக்கு வெயிலும் தெரியும், பாரமும் தெரியும். தொங்குறதுக்கு வெயில் மட்டும்தான் தெரியும். அதக் கழிச்சாத்தான் பாரம் கிடைக்கும். ரெண்டையும் ஒட்டிட்டா கழிக்கும்போது எல்லாமே போயிடும்."

அசைவே இல்லாமல் போனது அப்படித்தான். கூடத்தை 'நல்லது' ஆக்கியது என் பசை.

"யாரு ஒட்டுனதுன்னு அவர் கேக்கலையா?"

"நான்தான் கேட்டேன். 'ரொம்ப சுத்தமா ஒட்டியிருக்காரு, இஞ்சினியராத்தான் இருக்கும்'னு சிரிச்சாரு."

தெரிந்திருக்கிறது. நான் தொலைபேசியில் கத்திய ஒவ்வொரு நாளும் தெரிந்திருக்கிறது. அடக்கம் முடியும்வரை எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது, பாதி அவர் மேல், பாதி என் மேல்.

மூன்று வாரம் முடிய இன்னும் நாலு நாள் பாக்கி இருந்தது. தலைமையாசிரியை கூப்பிட்டார். "இன்னும் நாலு நாள் ஆவும்மா. தப்பு அவரோடது இல்ல, என்னோடது" என்று நடந்ததைச் சொன்னேன். நாலு நாளும் கலைவாணியோடு அந்தக் கூடத்தில் உட்கார்ந்தேன். வெயிலின் பங்கைக் கழித்துப் பார்த்தால், நடு உத்திரம் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக இழுபட்டுக்கொண்டிருந்தது. நூலகத்தைக் காலி செய்து, உத்திரத்தை மாற்றும்வரை கூடத்தைத் திறக்கக்கூடாது என்று எழுதினேன்.

அவர் பிரித்தெடுத்த இழை, என் பசை காய்ந்தபடி, இப்போது என் மேசையில் இருக்கிறது. அவருடையது என்று நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். அறிக்கையின் கடைசியில் கையெழுத்துப் போடும் இடத்தில் அவர் பெயரை முதலில் எழுதி, அதற்குக் கீழே என் பெயரை எழுதினேன். அவர் பெயருக்கு எதிரே இருந்த வெற்றிடத்தைப் பார்த்தபோதுதான் அழுதேன்.

ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம், சவரி.