அப்பாவின் குரல் இருந்த பெட்டி

திண்டிவனத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடை வைத்திருப்பவனுக்கு வீட்டில் எதற்கு சர்வர் என்று என் மனைவியே கேட்டாள். பல வருஷத்து டிசைன், வீட்டுப் போட்டோ எல்லாம் பழைய கம்ப்யூட்டர்களிலும் சிடிகளிலும் சிதறிக் கிடந்தன. முகூர்த்த சீசன் வந்தால் ஏதாவது ஒன்று காணாமல் போகும், நான் வீடே அதிரக் கத்துவேன். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு, எந்த அறையிலிருந்தும் எடுத்துக்கொள்கிற மாதிரி செய்துவிட்டால் கத்தல் குறையும் என்றேன். "அப்ப ஜல்தி வாங்குங்க" என்றாள்.

முதலில் கடையில் சும்மா கிடந்த பென்டியம் பெட்டியை வைத்துப் பார்த்தேன். இட்லிப் பானை மாதிரி கொதித்தது. அதுவோ மின்வெட்டுக் காலம். அது குடித்த கரண்டுக்கு இன்வெர்ட்டர் தாங்கவில்லை. சென்னை ரிச்சி தெருவில் அலைந்து, குறைவாக மின்சாரம் எடுக்கும் சின்ன போர்டு ஒன்று வாங்கினேன். ஃபைலை எடுத்துக் கொடுக்கிற வேலைக்கு அது ஏராளம். கடைக்காரர் வேகமான ஹார்ட் டிஸ்க்கை என் தலையில் கட்டப் பார்த்தார். வேகமாகச் சுற்றினால் சூடும் அதிகம் என்று மெதுவாகச் சுற்றுகிற இரண்டை எடுத்தேன். இரண்டிலும் ஒரே சரக்கு. ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும். முன்பக்கம் காற்றை உள்ளே இழுக்க அகலமான ஃபேன், பின்பக்கம் வெளியே தள்ள இன்னொன்று. சாமான் அறையில் ஜன்னலோரம் வைத்தேன். சித்திரை வெயிலிலும் டிஸ்க் சூடு நாற்பதைத் தாண்டவில்லை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வருஷம் ஆடியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் சேர்த்து, உயிரோடு வீட்டுக்குக் கூட்டிவந்தோம். வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை மண்டியில் நாளெல்லாம் ஏலம் கூவின தொண்டை. அவர் என் மகள்களுக்குக் கதை சொன்னதையெல்லாம் முன்பே செல்போனில் பதிந்து பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். அம்மா தினமும் சாயங்காலம் அவர் கட்டிலருகே பழைய லேப்டாப்பை வைத்து அதைக் கேட்பாள். அப்பா இடது கையைத் தூக்கினால் சத்தத்தைக் கூட்டுவாள். ஒரு நாள் கேட்காவிட்டாலும் அவளுக்குச் சோறு இறங்காது. செல்போனில் இடமில்லாமல் அழித்துவிட்டதால், அப்பாவின் குரல் அந்தப் பெட்டியைத் தவிர வேறெங்கும் இல்லை.

ஐப்பசி மழை பிடித்ததும் பெட்டி சூடேறத் தொடங்கியது. வெளியே குளிர்கிறது, உள்ளே ஐம்பத்தைந்து! சிப்பின் மேல் தடவுகிற பசையை மாற்றினேன். பக்கவாட்டில் இன்னொரு ஃபேன் போட்டேன். ரிச்சி தெருக்காரரை போனில் வாங்கு வாங்கென்று வாங்கினேன், பாவம் மனுஷன். கொஞ்ச நாளில் ஒரு டிஸ்க் கடக் கடக்கென்று சத்தம் போட்டுச் செத்தது. புதுசு வாங்கி வருவதற்குள் மற்றதும் படுத்துவிட்டது.

டிஸ்க்கிலிருந்து ஃபைலை மீட்டுக் கொடுப்பவர் ஒருவர் விழுப்புரத்தில் இருந்தார். பெட்டியோடு அவரிடம் ஓடினேன். நான் ஒரு தடவையும் கழற்றாத முன்பக்கத்து பிளாஸ்டிக் மூடியை அவர் சட்டென்று பிடுங்கினார்.

"என்னா சார், உள்ள காப்பி வடிகட்டிக்கினு இருந்தீங்களா?"

ஃபேனுக்கு முன்னால் நாலாக மடித்த வெள்ளைத் துணி, தூசி அடைத்துக் கம்பளி மாதிரி இருந்தது. அதை எனக்கு நன்றாகத் தெரியும். நாங்கள் சமணர்கள். தண்ணீரோடு சின்ன உயிர் எதுவும் உள்ளே போய்விடக் கூடாதென்று துணியில் வடிகட்டித்தான் குடிப்போம். எங்கள் வீட்டுக் குழாயில் கட்டுகிற அதே துணி.

வீட்டுக்கு வந்து துணியை அம்மா முன்னால் போட்டேன்.

"ஆமாண்டா, நான்தான் வெச்சேன். மழைக்கு ஈசலா வருது. உன் ஃபேன் அதுங்கள உள்ள இழுத்து றெக்கையப் பிச்சிப் போடுது. பின்னாடி பெருக்கினா அவ்ளோ உயிரு. தண்ணிய வடிகட்டுறோமே, காத்த வடிகட்டினா என்னா?"

"அதான் பெட்டிக்கு மூச்சு முட்டிடுச்சும்மா. அப்பா குரல் அதுலதான இருக்குது!"

அம்மாவின் முகம் செத்துவிட்டது. அந்தக் குரல் திரும்பி வரும்வரை இனிப்பைத் தொடுவதில்லை என்று அன்றைக்கே விரதம் எடுத்துக்கொண்டாள். டிஸ்க்குக்கும் ஜிலேபிக்கும் என்ன சம்பந்தம் என்று நான் முணுமுணுத்தேன்.

விழுப்புரத்துக்காரர் எப்போது கேட்டாலும் "பார்க்கலாம் சார்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். நான் அதற்குள் புது டிஸ்க்குகளைப் போட்டு, சாமான் அறை ஜன்னல் முழுக்கச் சட்டம் அடித்துக் கொசுவலை கட்டினேன். வலையின் பரப்பு பெரிதாக இருந்தால் காற்று மெதுவாக நுழையும், பூச்சியை இழுத்து ஒட்டவைக்காது. அம்மா வலையின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். "இது பரவால்ல" என்றாள்.

சாயங்காலங்களில் கேட்க ஒன்றுமில்லாமல் போகவே, அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கதைகளை அவளே சொல்ல ஆரம்பித்தாள். எல்லாம் தப்புத்தப்பாக. ராஜாவைத் துறவியாக்குவதற்கு முன்னாலேயே காட்டுக்கு அனுப்பிவிடுவாள். அப்பா தலையை வேகமாக ஆட்டுவார். "பேஜாரு பண்ணாதீங்க, அவன் எங்க போனா என்னா, கதைய கேளுங்க" என்று சண்டை போடுவாள்.

தை பிறந்ததும் விழுப்புரத்திலிருந்து போன் வந்தது. டிசைன்களில் பாதி போய்விட்டது, கதைகள் எல்லாம் வந்துவிட்டன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. வரும் வழியில் அம்மாவுக்கு லட்டு வாங்கினேன்.

அம்மா லட்டைக் கையில் வைத்துக்கொண்டே லேப்டாப்பைத் தட்டினாள். அப்பாவின் குரல் கணீரென்று அறையில் எழுந்தது. கட்டிலில் அப்பா இடது கையைத் தூக்கினார். அம்மா சத்தத்தைக் கூட்டினாள். அவர் கையை இறக்கவில்லை. எட்டி, எட்டி, லேப்டாப்பின் மூடியைத் தானே தள்ளி மூடினார்.

"ஏங்க, உங்க குரல்தான?"

அப்பா வேண்டாமென்று தலையாட்டினார். பிறகு விரலால் அம்மாவின் வாயைக் காட்டினார்.

அம்மா லட்டைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, பாவி நான். நீங்க கையத் தூக்கும்போதெல்லாம் சத்தம் பத்தலன்னு நெனச்சி கூட்டிக்கினே இருந்தேனே!"