ஐந்தில் மூன்று பங்கு பல்

தேனியில் நடந்த ஒரு மருத்துவ ஆய்வின் நெறிமுறைக் குழுவில் என்னைப் பொதுமக்கள் தரப்பு உறுப்பினராகப் போட்டார்கள். மருத்துவர்களுக்கு நடுவே மருத்துவம் தெரியாத ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. அரசு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற எனக்கு மருத்துவம் தெரியாது, விதி தெரியும். மற்றவர்களுக்கு அதுதான் தொந்தரவு.

ஏலத்தோட்டக் கூலிக்குப் போகும் பெண்களின் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது ஆய்வு. நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல், மருந்தடித்த செடிக்குள் குனிந்து காய் எடுப்பவர்கள். ஐந்து முறை வந்து இரத்தம் கொடுக்க வேண்டும். முதல் தடவை வருகிறவர் அடுத்த தடவை வராமல் போவது எல்லா ஆய்வுகளுக்கும் உள்ள வியாதி. அதற்கு வைத்தியமாக, ஐந்து முறையும் வருகிறவர்களுக்கு மூக்குக்கண்ணாடி, காது மெஷின், பல் செட் இவற்றில் ஒன்று இலவசம் என்று முடிவானது. பணம் கொடுத்தால் ஆசை காட்டுவதாம், பல் கொடுத்தால் நலம் பேணுவதாம். இதைப் பிரித்தறிய எங்களுக்கு ஒரு பிற்பகலும் இரண்டு சுற்று வடையும் தேவைப்பட்டன.

அனுமந்தன்பட்டியில் எங்கள் தெருக்காரி ஒருத்தி சேர்ந்தாள். மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்ததில் முன்பற்கள் போய், மிச்சம் ஆடி, எல்லாவற்றையும் பிடுங்கியிருந்தார்கள். மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தது.

"சம்பந்தகாரவுக என்னையப் பொண்ணுக்கு அம்மாச்சின்னு நெனச்சுட்டாக, சார். மணவறையில பல்லோட நிக்கணும். அஞ்சு தடவ என்ன, அம்பது தடவ குத்தட்டும்."

மலைக்குப் போகும் ஜீப்பில் இடம் ஆளுக்குரியது அல்ல, வீட்டுக்குரியது. ஒருத்திக்கு முடியவில்லை என்றால் அந்த வீட்டிலிருந்து இன்னொருத்தி ஏற வேண்டும். இல்லையென்றால் மறுநாள் வேறு வீட்டுக்காரி உட்கார்ந்திருப்பாள். டிரைவர் முகம் பார்ப்பதில்லை, இடம் நிறைந்ததா என்றுதான் பார்ப்பார். முதல் இரண்டு தடவை அவளே போனாள், பெரிதாகக் குறை சொல்லவில்லை. மூன்றாவது, நான்காவது பரிசோதனைகள் காய் எடுப்பு மும்முரத்தில் வந்தன. இவள் ஜீப்பில் ஏறிக்கொண்டு, இரத்தம் கொடுக்க நாத்தனாரை அனுப்பினாள். வீட்டிலிருந்து ஒரு ஆள் போனால் கணக்குச் சரி என்பது அவளுக்குத் தெரிந்த நியாயம்.

அவள் பெயரைக் கூப்பிட்டதும் நாத்தனார் போய்க் கையை நீட்டினாள். பல் செட்டுக்காகக் காத்திருக்கும் பெண்ணின் வாயில் இரண்டு வரிசையும் நிறைந்திருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது கை. இரண்டு தடவையும் "கிட்னி நல்லா இருக்கும்மா" என்று போனில் சொன்னார்கள். அந்தத் தைரியத்தில், கால் வீங்கியதற்கு மலை ஏற்றத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு அவள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

ஐந்தாவது தடவை அவளே வந்தாள். பல்லுக்கு அளவெடுக்க அவள் வாய் வேண்டுமே. முடிவு வந்த அன்று மேற்பார்வைக்கு நானும் போயிருந்தேன். மருத்துவர் மெஷினைச் சந்தேகப்பட்டு மறுபடியும் இரத்தம் எடுக்கச் சொன்னார். மெஷினில் கோளாறு இல்லை.

"போன தடவை இவ்வளவு நல்லா இருந்துச்சேம்மா?"

"அது எங்க நாத்தனா, சார். அவளுக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கும். குடுத்து வச்சவ."

மருத்துவர் தலையில் கை வைத்தார். அவளுக்காக வருந்துகிறார் என்று நினைத்தேன். "ரெண்டு விசிட் டேட்டா போச்சே!" என்றார்.

பிறகுதான் அவளிடம், சிறுநீரகம் இரண்டும் அநேகமாகப் போய்விட்டன, முன்பே தெரிந்திருந்தால் மருந்திலேயே நிறுத்தி வைத்திருக்கலாம் என்று விளக்கினார். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"சரிங்க சார். பல்லு உண்டா, இல்லையா?"

குழு கூடியது. ஆள்மாறாட்டம் செய்தவளுக்குப் பல் கிடையாது என்றார் மருத்துவர். நான் விதியைப் பிரித்தேன். பாதியில் நின்றவருக்கும், வந்த தடவைகளுக்கு உரிய பங்கைக் கொடுத்தாக வேண்டும். இவள் வந்தது மூன்று தடவை.

"அஞ்சுல மூணு பங்கு பல் செட்ட எப்படி சார் குடுக்கிறது?" என்று தலைவர் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள், பல் மருத்துவரைத் தவிர. "மேல் வரிசை மட்டும் குடுக்கலாம்," என்றார் அவர். ஒருமனதாக நிறைவேறியது. நானும் கை தூக்கினேன். ஐந்தில் மூன்றுக்குச் சற்றுக் குறைவுதான், ஆனாலும் முன்னுதாரணம் இல்லாத விஷயத்தில் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

கல்யாணப் போட்டோவில் அவள் நன்றாகவே சிரித்திருக்கிறாள். கீழ் வரிசை போட்டோவில் யாருக்குத் தெரியப்போகிறது? பந்தியில்தான் மேல் பல் கீழ் ஈறைக் கடித்தது. கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு ரசம் சோறு சாப்பிட்டாள், அதுவும் உப்பில்லாமல். ஆய்வின் இறுதி அறிக்கை, பங்கேற்பாளர்களைக் கடைசிவரை வரவழைப்பதில் பல் செட் சிறப்பாகப் பயன்பட்டது என்று சொல்கிறது. உண்மைதான். கடைசித் தடவை அவளை வரவழைத்தது பல் செட்தான்.

இப்போது டயாலிசிஸுக்குத் தேனி போகிறாள், நாத்தனார் துணையோடு. போன வாரம் பஸ் நிறுத்தத்தில் இருவரையும் பார்த்தேன்.

"மதினி, முடியலன்னா இங்கனயே இரு. நான் போய்ப் படுத்துட்டு வாரேன்," என்றாள் நாத்தனார்.

"போடி. அங்கன மொகத்தப் பாத்துத்தான் குத்துறாக," என்று சொல்லி அவள் மேல் வரிசையைக் காட்டிச் சிரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "சார், கீழ் வரிசைக்கு வேற ஆராய்ச்சி எதுவும் வருதா?"

வந்தால் சொல்கிறேன் என்றேன். அடுத்த ஆய்வின் விண்ணப்பம் அன்று என் பையிலேயே இருந்தது. அதிலும் பல் செட் உண்டு. யாரைச் சேர்க்கக் கூடாது என்ற பகுதியில் முதல் வரி, சிறுநீரகம் செயலிழந்தவர்கள்.