ஏன் வரவில்லை என்று கேட்ட கடிதம்

பேர்னாட் அங்கிள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகை வேலிதான். மன்னாரில் பிறந்தவர், மெல்பேர்னில் முப்பது வருடம் பிஸ்கட் பெட்டி அடுக்கி ஓய்ந்தவர். ஜனவரியில் மனைவி அருள்நாயகி இறந்துபோனார். முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு மனிதர் மாதா கோவில் பக்கமே வரவில்லை. "துக்கத்தில இருக்கிறார், விடுவம்" என்று கோவில் சனம் நாகரிகமாகச் சொல்லிக்கொண்டது. சோம்பலுக்கு வைத்த நல்ல பெயர்! அந்தச் சனத்தில் நானும் ஒருத்தி.

ஓகஸ்ட்டில் ஒருநாள் வேலிக்கு மேலால் கூப்பிட்டார். "பிள்ளை, ஒருக்கா வந்திட்டுப் போறீரே? கடிதம் ஒண்டு வந்திருக்கு."

குசினி மேசையில், சீனிப் பேணியில் சாய்த்து வைத்திருந்தார். மே மாதத் தேர்தலில் அவர் வாக்களிக்கவில்லையாம். காரணம் எழுதும்படி, படிவம் ஒன்றும் வைத்து, தேர்தல் அலுவலகம் கேட்டிருந்தது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஐயோ அங்கிள்! இஞ்ச வோட்டுப் போடுறது கட்டாயமெல்லே?"

"எவ்வளவு மரியாதையாக் கேட்டிருக்கினம், பாரும்."

"மரியாதையோ? இது ஃபைன் அடிக்கிற கடிதம். சுகமில்லை எண்டு ஒரு வரி எழுதுவம், அலுவல் முடிஞ்சுது."

"பதில் எழுதியிட்டன். நீர் இங்கிலிசில மாத்தித் தந்தால் சரி." நாலு தாள்களை நீட்டினார். எல்லாம் தமிழ், இரண்டு பக்கமும்.

முதல் தாளை வாசித்தேன். ஊரில் வாக்களித்தால் சின்னி விரலில் மை பூசுவார்கள். மை பூசாத வோட்டு வோட்டே இல்லை என்று இவர் இங்கே வந்தும் புறுபுறுப்பாராம். அதனால் ஒவ்வொரு தேர்தலிலும், வோட்டுப் போடுகிற பள்ளிக்கூட வாசலில் வைத்தே, அருள்நாயகி அன்ரி பேனையால் அவர் விரலில் நீலம் பூசிவிடுவாராம். இந்த மே மாதமும் சேட் மடிப்புக் கலையாமல் மினுக்கிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். பேனை சட்டைப் பையில் இருந்திருக்கிறது. பூசிவிட ஆள் இல்லை. வாசலோடு திரும்பிவிட்டார்.

வெருட்டி வோட்டு வாங்குவதும் ஒரு சனநாயகமா என்று நானே எத்தனை தரம் திட்டியிருக்கிறேன். ஆனால் இத்தனை இலட்சம் பேருக்குள் ஒரு கிழவன் வரவில்லை என்பதை அந்தக் கட்டாயம்தான் கவனித்திருக்கிறது. வேலிக்கு இந்தப் பக்கம் இருந்த நான் கவனிக்கவில்லை.

"ஃபோமில இருக்கிறது மூண்டு வரி, அங்கிள். இவ்வளவையும் அங்க ஆர் வாசிக்கிறது?"

"கேட்டவைக்குச் சொல்லத்தானே வேணும், பிள்ளை. வேற ஆரும் கேக்கேல்லை."

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தாள்களை அவர் கையிலேயே கொடுத்தேன்.

"மிச்சத்தை நீங்களே வாசியுங்கோ, அங்கிள்" என்றேன். "நான் கேக்கிறன்."