என் கண்ணும் அண்ணியின் பாகும்

அண்ணி, பாகு பதம் வருவதற்கு முன்பே அடுப்பை விட்டு இறக்கியவர் நீங்கள். என் கண் ஒன்றும் செய்யவில்லை.

எனக்குக் கச்சாயம், அதுதான் அதிரசம், என்றால் உயிர். இதை மறைக்க நான் என்ன திருடனா? எங்கள் வீட்டுக் கச்சாயத்தில் நடுவே விரலால் ஓட்டை போடுவார்கள், உள்ளே வேக வேண்டும் என்று. அந்த ஓட்டையைச் சுற்றி மொறுமொறுவென்று இருக்கும். முதலில் வெளி ஓரத்தைச் சுற்றிக் கடித்துவிட்டு, ஓட்டையை ஒட்டிய பாகத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்வேன். வேட்டி மடிப்பில் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போய், மாடு பூட்டிக் கவலை இறைத்த களைப்பில் கிணற்றுமேட்டில் உட்கார்ந்து தின்பேன். வேட்டியெல்லாம் எண்ணெய். அம்மா திட்டுவாள். திட்டட்டும்.

அண்ணி கல்யாணமாகி வந்த முதல் தீபாவளி அது. முந்தின நாள் பாகு காய்ச்சியது அவர்தான். மேச்சேரியிலிருந்து அவருடைய தங்கை வந்திருந்தாள். இரண்டு பேருக்கும் பேச்சு ஓயவில்லை. பதம் பார்க்கச் சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டார். உருளவில்லை, கரைந்தது. நான் பார்த்தேன். அவர் தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே மாவில் கொட்டிக் கிளறிவிட்டார்.

மறுநாள் சட்டியில் போட்ட கச்சாயம் எண்ணெயில் பரவி, உடைந்து, நுரைத்துப் பொங்கியது. அண்ணி நிமிர்ந்தார். வாசற்படியில் நான் நின்றிருந்தேன்.

"கொழுந்தனார் பாத்துட்டே நின்னாருங்க அத்தை. அவரு கண்ணு பொல்லாதுங்க."

அம்மாவும் நம்பிவிட்டாள். "ஏண்டா சாமி, சட்டிக்கு முன்னால வந்து வாயப் பொளந்துட்டு நிக்கோணுமா?" என்று சொல்லி, உப்பும் மிளகாயும் எடுத்து எனக்குச் சுற்றிப் போடவில்லை, சட்டிக்குச் சுற்றிப் போட்டாள்!

அன்றிலிருந்து எண்ணெய்ச் சட்டி அடுப்பேறினால் என்னை வெளியே துரத்துவார்கள். வெற்றிலை வாங்கி வா, மாட்டைப் பார், ஏதாவது ஒரு சாக்கு. ஒருமுறை நான் திருச்செங்கோட்டுத் தேருக்குப் போயிருந்தேன். அன்றும் அண்ணி சுட்ட கச்சாயம் உடைந்தது. சரி, இனி என் பேர் தப்பித்தது என்று சந்தோஷமாக வீடு வந்தேன். அண்ணி சொன்னார்:

"அங்கிருந்தே நெனச்சிருப்பாருங்க."



பேச்சு வீட்டோடு நிற்கவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் கன்று ஈன்ற எருமையை நான் வரும் வழியிலிருந்து அவிழ்த்துப் போய் மறைவாகக் கட்டினார். இதையும் பொறுத்தேன். இப்படியே வருஷங்கள் ஓடின. இப்போது உலகச் சண்டைக் காலம், சீனிக்கு அலைய வேண்டியிருக்கிறது. கச்சாயத்துக்கான வெல்லத்துக்கும் நான்தான் அலைந்து என் மகள் கல்யாணத்துக்கு வாங்கி வந்து வைத்திருக்கிறேன். நேற்று அவள் என்னிடம் வந்தாள்.

"அப்பா, கச்சாயச் சட்டி வெக்கற அன்னைக்கி நீங்க மேச்சேரிப் பக்கம் போயிட்டு வந்திருங்கப்பா."

"ஏன் சாமி?"

"பெரியம்மா சொன்னாங்க. நல்ல காரியம், ஒடையக் கூடாதுங்கப்பா."

தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னாள். ஆனால் சொன்னாள். பெற்ற மகள் தன் கல்யாணத்தில் அப்பன் கண்ணுக்குப் பயப்படுகிறாள்.

நான் எங்கும் போகப் போவதில்லை. மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் கச்சாயம் என் வீட்டில், என் முன்னால்தான் வேகும். அண்ணி, பந்தக்கால் நடும் அன்று உறவு முழுக்க வாசலில் இருக்கும். சட்டி அடுப்பேறும் முன் அவர்கள் எல்லோர் காதிலும் விழ, முக்கியமாக என் மகள் காதில் விழ, ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். அந்தத் தீபாவளிக்குத் தண்ணீரில் விட்ட பாகு உருண்டதா, கரைந்ததா?