லூர்து மேரி அம்மையார் எழுதிய ஒரு வரி

செவ்வாய்க்கிழமை காலை தெற்கு மாட வீதியில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் அலுவலகத்தில் கோப்பு தூக்கியே தலை நரைத்த கன்னியப்பன், சைக்கிளை என் காலருகே கொண்டுவந்து நிறுத்தினார். இறங்கக்கூட இல்லை. "சார், லூர்து மேடம் பூட்டாங்க. பால் வாங்கிக்கினு உள்ள போனவங்க, நாற்காலில உக்காந்தாங்களாம். அவ்ளோதான்" என்றார். கையிலிருந்த காயை என்ன செய்வதென்று தெரியாமல் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

வீட்டில் சொன்னதும் என் மனைவி, "கிறிஸ்துமஸுக்கு நமக்குன்னு முட்டை போடாம தனியா கேக் பண்ணிண்டு வருவாளே, அவாளா?" என்று கேட்டாள். அவர்தான் என்றேன்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருமதி லூர்து மேரி அம்மையார் சாந்தோமில் பிறந்தவர். ஆயுளில் பாதியை வனத்துறைக் கோப்புகளோடு கழித்தவர். சின்ன உருவம், கஞ்சி போட்ட பருத்திப் புடவை. மாதா கோயில் பாடகர் குழுவில் பாடிப் பழகிய குரல் என்பதால் அவருக்கு மெதுவாகப் பேச வராது. அவர் ரகசியம் சொன்னால் மேல் மாடிக்குக் கேட்கும். நானோ நிதிப் பிரிவில் இருந்தேன். பணம் கேட்டு வரும் கோப்புகளில் ஓட்டை கண்டுபிடிப்பதே என் பிழைப்பு. 'ஆட்சேபணை ஆராவமுதன்' என்று முதுகுக்குப் பின்னால் எனக்குப் பெயர். எங்கள் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். அதில் எனக்கு இன்றைக்கும் வெட்கம் கிடையாது, ஏனென்றால் பாதி ஆட்சேபணைகள் சரியானவைதான்.

அம்மையார் முதலில் வேலைக்குச் சேர்ந்தது ஒரு மலை மாவட்டத்தில், எழுத்தராக. அங்கே நடந்ததை அவர் வாயாலேயே நான் கேட்டது பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயில் திருவிழாவின்போது. காவி உடுத்திய கூட்டம் நடந்து வந்து குவிந்துகொண்டிருந்தது. நான் பக்கத்துத் தெருவில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்தவன், கூட்டத்தில் அவரைப் பார்த்துவிட்டேன். இருவரும் மணலில் உட்கார்ந்தோம். அலுவலகத்தில் அப்போது ஒரு கோப்பில் இருந்த ஒரே ஒரு வரிக்காக என்னோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். அந்த வரியில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டேன். அதற்குப் பதிலாகத்தான் இதைச் சொன்னார்.

அந்த மலை அலுவலகத்தில் ஒரு வழக்கம். எந்த வனக்காப்பாளர் தன் பகுதியில் தீ என்று தகவல் கொடுக்கிறாரோ, அவருக்கே மெமோ போகும். உன் பகுதியில் ஏன் தீ பிடித்தது, ஒரு வாரத்துக்குள் விளக்கம் கொடு. விளக்கம் பிடிக்காவிட்டால் ஊதிய உயர்வு நிற்கும். இதனால் என்ன ஆனது? தீயைப் பார்த்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. தாங்களே அணைத்துவிடலாம் என்று பச்சைக் கிளையை ஒடித்துக்கொண்டு தனியாக ஓடினார்கள். அப்படி ஓடிய ஒருவர், காற்று திரும்பியதில் திரும்பி வரவில்லை. அந்தச் செய்தி அலுவலகத்துக்கு வந்து சேருமுன்பே, புகையைக் கண்டு யாரோ சொன்னதை வைத்து, அவர் பெயருக்கு மெமோ வழக்கம்போலத் தட்டச்சாகிப் போய்விட்டது. தட்டச்சு செய்தவர் லூர்து மேரி.

சில நாட்கள் கழித்து இறந்தவருடைய மனைவி அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்திருக்கிறார். அவருக்குப் படிக்கத் தெரியாது. குடும்ப ஓய்வூதிய உத்தரவு என்று நினைத்துவிட்டார். கண்ணில் பட்ட முதல் பெண் ஊழியரிடம் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

"படிச்சேன் சார். பொய் சொல்ல வாய் வரல. முழுசும் கேட்டுட்டு அந்தம்மா, 'இதுக்கு அவருதான பதில் எழுதணும்?'னுச்சு."

எனக்கு மணலில் உட்கார முடியவில்லை.

இனி அந்த வரிக்கு வருகிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் காட்டுத்தீத் தடுப்புக்கு ஒரு புதிய கொள்கை வகுக்கச் சொல்லி அரசிடமிருந்து உத்தரவு வந்தது. வரைவு எழுதும் பொறுப்பு அம்மையாரிடம் விழுந்தது. கோடைக்கு முன்பே காய்ந்த புல்லைக் கீற்றாக எரித்துத் தீத்தடுப்புக் கோடு போடுவது, மலைக்கிராமத்துக்காரர்களையே தீக்காவலர்களாக வைப்பது, வயர்லெஸ், ஜீப்பு என்று எல்லாம் அதில் இருந்தன. நானும் வழக்கம்போல ஜீப்பில் ஒன்றிரண்டைக் குறைத்தேன். சண்டை அதற்கல்ல. கடைசிப் பக்கத்தில் இப்படி ஒரு வரி இருந்தது: தீ குறித்து முதலில் தகவல் தருபவர் ஊழியராயினும் ஊர்க்காரராயினும், அத்தகவல் காரணமாக அவரிடம் விளக்கம் கோரலாகாது.

விடுவேனா? அப்படியானால் யார்தான் பொறுப்பு என்று எழுதினேன். புல் முளைக்கட்டும் என்று ஆடு மேய்ப்பவனே கொளுத்திவிட்டு, அவனே வந்து சொல்லித் தப்பித்துக்கொள்வான் என்றும் எழுதினேன். கோப்பு என்னிடமும் அவரிடமுமாகப் பந்தாடப்பட்டது. ஒருநாள் என் மேஜைக்கே வந்துவிட்டார். "கொளுத்தினவனைப் பிடிங்க சார், யார் வேணாம்னா? சொன்னவனை விடுங்க." பிரிவு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

உயர் அதிகாரியின் அறையில் கடைசிக் கூட்டம் நடந்தது. நானும் இருந்தேன். அதிகாரி நல்ல மனிதர்தான், ஆனால் பயந்த சுபாவம். எல்லாம் அருமை, இந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள், இன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன் என்றார். அம்மையாருக்குப் பதவி உயர்வு நெருங்கியிருந்த நேரம். தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம், யாரும் ஒரு சொல் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் எழுந்து நின்றார்.

"அப்ப ஜீப்பை எடுத்துடுங்க சார். வயர்லெஸ்ஸையும் எடுத்துடுங்க. இந்த ஒரு வரி மட்டும் இருக்கட்டும்."

அம்மாடி! என் சர்வீஸில் எத்தனையோ பேர் கூடுதலாகக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். வந்ததை எல்லாம் திருப்பி எடுத்துக்கொள், ஒரு வரியைக் கொடு என்று கேட்டவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். ஒரு கோடைக்கு மட்டும் வைத்துப் பார்க்கலாம் என்றார்.

அந்தக் கோடை இருக்கிறதே, அதை மறக்க முடியாது. தகவல்கள் குவிந்தன. இதுவரை ஒரு தீகூட இல்லை என்று பெருமையாக அறிக்கை அனுப்பிவந்த வனச்சரகங்களிலிருந்தெல்லாம் தீ, தீ, தீ. பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. புதுக் கொள்கை வந்தது, காடு பற்றி எரிகிறது என்று கேலி வேறு. மேலிடம் கொதித்தது. கடைசியில், தீ ஏன் அதிகரித்தது என்று விளக்கம் கேட்டு ஒரு மெமோ வந்தது, லூர்து மேரி அம்மையாரின் பெயருக்கே! விதியின் குசும்பைப் பாருங்கள்.

கன்னியப்பன் கலங்கிப்போய் என்னிடம் ஓடி வந்தார். மேடம் மெமோவைப் படித்துவிட்டுச் சிரிக்கிறார்கள், எனக்குப் பயமாக இருக்கிறது என்றார். நான் போனபோது சிரிப்பு இல்லை. பதிலை எழுதி முடித்திருந்தார். "தீ கூடவில்லை. முன்பு நமக்குத் தெரியாமல் எரிந்தது, இப்போது தெரிந்து எரிகிறது. இந்தக் கோடையில் தீயில் ஒருவரும் இறக்கவில்லை." அவ்வளவுதான். மன்னிப்பும் இல்லை, மழுப்பலும் இல்லை. கூடவே ஒவ்வொரு தகவலின்போதும் எவ்வளவு இடம் எரிந்தது என்ற விவரத்தை இணைத்திருந்தார். பெரும்பாலானவை ஒரு களத்துமேட்டின் அளவுகூட இல்லை. பார்த்தவுடன் சொல்லியிருக்கிறார்கள், ஆட்கள் போயிருக்கிறார்கள், அணைந்திருக்கிறது.

அந்தக் கோப்பு என் மேஜை வழியாகத்தான் மேலே போக வேண்டும். ஓட்டை தேடினேன், சத்தியமாகத் தேடினேன். கிடைக்கவில்லை. 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதினேன். பிரிவில் ஒருவர் எழுந்து வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சலா என்று.

மேலிடத்திலிருந்து பாராட்டு ஒன்றும் வரவில்லை. 'ஒரு கோடைக்கு மட்டும்' என்பது அடுத்த உத்தரவில் சத்தமில்லாமல் காணாமல் போனது. வரி நின்றது. அம்மையாரின் பதவி உயர்வு மட்டும் தள்ளிப்போனது. கடைசியில் அது வந்தபோது ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்தன. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர் கேக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "சாப்பிடுங்க சார், இதுலயும் ஆட்சேபணையா?" என்றார்.

டெல்லியிலிருந்து மகன் வரவேண்டியிருந்ததால் அடக்கம் மறுநாள்தான் நடந்தது. செய்தியை வயர்லெஸ்ஸில் எல்லாச் சரகங்களுக்கும் சொல்லியிருந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் எங்கள் கூட்டத்துக்குச் சற்றுத் தள்ளி, பஸ்ஸில் வந்த கசங்கலோடு, காக்கிச் சட்டையில் ஒருவர் நின்றார். தம்மை ஒரு வனக்காப்பாளர் என்றார். அம்மையாரை எப்படித் தெரியும் என்று கேட்டேன். "பாத்ததே இல்ல சார். இன்னிக்குத்தான் மொகத்தப் பாத்தேன்" என்றார். தீயைப் பார்த்துவிட்டுச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்காமல் வேலை பார்க்கிற முதல் தலைமுறை தாங்கள்தான் என்று அவருடைய சரக அலுவலர் சொல்வாராம். ஒரு பிடி மண்ணைக் குழியில் போட்டார். நெடுநேரம் நிமிரவே இல்லை.

பங்குனி வெயில். வெளியே வந்ததும், பக்கத்தில் டெலிபோன் பூத் எங்கே இருக்கிறது என்று கேட்டார். காடு காய்ந்து கிடக்கிறது, இரண்டு நாளாக ஊரில் இல்லை, மனசு கேட்கவில்லை என்றார். கச்சேரி ரோட்டில் ஒரு பூத்துக்கு அழைத்துப்போனேன். தம் சரக அலுவலகத்துக்குப் பேசினார். அவர் பேசியதில் ஒரு பக்கம்தான் எனக்குக் கேட்டது. எங்கே என்றார். யார் சொன்னது என்றார். ஆள் போயாச்சா என்றார். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்து முகத்தைத் துடைத்தார்.

"நான் காவல் பாக்குற பீட்டுலதான் சார், காலைல. ஆடு மேய்க்கிற பொம்பளதான் ஓடியாந்து சொல்லிருக்கு. அணைச்சாச்சு. எல்லாரும் உக்காந்து கஞ்சி குடிக்கிறாங்களாம்."

அம்மா, ஆட்சேபணை ஆராவமுதன் சொல்கிறேன். அந்தப் பெண்ணிடம் யாரும் விளக்கம் கேட்கவில்லை. அவர்கள் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் தூங்குங்கள்.