விளையாடியவர்களும் வாங்கியவர்களும்

ஆவடியில் எங்கள் வீடியோ கேம் டிஸ்க் கடையை, என் வீட்டுக்காரர் காலமான பிறகு நான்தான் நடத்தினேன். மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. ஆனாலும் அட்டைப் படத்தைப் பார்த்தே எடுத்துக் கொடுப்பேன். ஒருவருக்கும் மாற்றிக் கொடுத்ததில்லை. ஒரு டிஸ்க் விற்றால் அதன் விலை ஸ்டிக்கரை உரித்து, காலண்டரில் அன்றைய தாளில் ஒட்டுவேன். கடைசி வருஷத்தில் பாதி நாள் வெறும் தாளைத்தான் கிழித்தேன்.

ஐயப்பன்தாங்கலில் இருக்கும் என் மகன் வந்து, "கடைய வாடகைக்கு உட்டுட்டு எங்கூட வந்துரும்மா. யாரு வராங்க இங்க?" என்றான்.

அந்த வாரம் ஒருநாள், கோவில்பதாகை அடுக்குமாடியில் இருக்கும் பழைய வாடிக்கைக்காரத் தம்பி மழைக்கு ஒதுங்கினார். கம்ப்யூட்டர் வேலை. புதிதாக வந்த கார் பந்தய விளையாட்டைப் போனில் காட்டி, "லட்சக்கணக்குல பேரு ஆடுறாங்கம்மா" என்றார்.

எனக்குத் தெரிந்தவரை, டிஸ்க் வாங்கினவன்தான் ஆடுவான். அத்தனை லட்சத்தில் ஆவடிக்கு நாற்பது பேர் தேற மாட்டார்களா? உடனே மகனுக்குப் போன் போட்டேன். "பொங்கலுக்குள்ள இந்த ஆட்டம் நாப்பது விக்கிறேன். விக்கலன்னா நீ சொல்ற மாரி வந்துடறேன்."

ஆர்டர் சொன்னதும் சரக்கு அனுப்புகிறவர் கேட்டார்: "ஆயா, நாலா, நாப்பதா?"

"நாப்பதுதான் நைனா. காது கேக்கலயா?"

"காது கேக்குது ஆயா. நம்பத்தான் முடில."

பொங்கலுக்கு ஒரு வாரம் இருந்தது. மூன்று ஸ்டிக்கர்தான் ஒட்டியிருந்தேன். வண்டியில் போன அந்தத் தம்பியை நிறுத்தினேன். "நீயே வாங்கலியே, இன்னா சங்கதி?"

"டிஸ்க் எதுக்கும்மா? மாசாமாசம் பணம் கட்டுறேன், நூத்துக்கணக்குல கேம் வருது. இதுவும் அதுக்குள்ளயே வந்துருச்சு. பத்து நிமிஷம் ஆடினேன், பிடிக்கல, டெலீட் பண்ணிட்டேன்."

"அப்ப அந்த லட்சத்துல நீயும் கீற?"

சிரித்தார். "இருப்பேம்மா."

மாதப் பாஸ்காரர்கள் ஏறிய பஸ்தான் நினைவுக்கு வந்தது. படிக்கட்டு வரை கூட்டம் தொங்கும். கண்டக்டர் கிழித்த டிக்கெட் நாலுதான் இருக்கும். நான் கூட்டத்தைப் பார்த்து டிக்கெட்டை எண்ணிவிட்டேன். என் ஸ்டிக்கர் கணக்கு மட்டும் சுத்தமா என்ன? பிறந்தநாளுக்கு வாங்கிப்போய் உறைகூடப் பிரிக்காமல் வைத்தவர்கள் உண்டு. அவர்களுக்கும் ஒட்டினேன். ஆனால் வாங்கினவர்கள் எல்லோரும் என் எதிரில் நின்று, எது நல்லா இருக்கும் என்று என்னையே கேட்டவர்கள். அந்தப் பேச்சு எந்த எண்ணிக்கையிலும் இல்லை.

"வாங்காட்டியும் பரவால்ல, வந்துட்டுப் போ" என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

பொங்கல் முடிந்ததும், மகன் கேட்கும் முன் நானே சொன்னேன்: "மூணு."

அவன் குத்திப் பேசவில்லை. "ஞாயித்துக்கெழம வண்டி எடுத்துகினு வரேம்மா" என்றான்.

சனிக்கிழமை மதியம், எங்கள் இடத்தில் போன் கவர் கடை வைக்கப் போகிறவர் டேப்போடு வந்து சுவரை அளக்கத் தொடங்கினார்.

"கட தொறந்துகீது, கண்ணு தெரியல? ஆறு மணிக்கு மேல வந்து அள."

அவர் போனதும் நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆறு மணிக்கு அவர்தான் வந்தார்.