மாடியறைப் பேய் முட்டை பரிமாறுகிறது

செத்துப்போனவர் கையால் நீங்கள் காலைச் சாப்பாடு சாப்பிட்டதுண்டா? சிரிக்க வேண்டாம். வெளியூர்க்காரர்கள் பலர் காசு கொடுத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

ஒன்றோடொன்று ஒட்டிய மூன்று பழைய வீடுகள். நடுவீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்தவர் தையலக்கா. கணவர் போன பிறகு தையல் மெஷின்தான் அவருக்குச் சோறு போட்டது. வீட்டுக்காரரின் பள்ளிக்கூட டவுசர்கூட அவர் தைத்ததுதான். அந்தத் தம்பி வளர்ந்து, சொத்து கைக்கு வந்ததும், குடியிருந்தவர்களைக் கூட்டிச் சொன்னார்: "கூரை எப்ப வேணாலும் தலையில விழும். ஆறு மாசம் வெளிய இருங்க. சரி பண்ணிட்டு நானே கூப்பிடறேன்."

மற்றவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு போய்விட்டார்கள். தையலக்கா மட்டும் மெஷினை அங்கேயே விட்டுவிட்டு மகள் வீட்டுக்குப் போனார். பஸ் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அந்த நினைப்பு.

கூரை சரியானது. சுவரில் படிந்த அத்தனை பேருடைய அடுப்புப் புகையையும் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு பூசினார்கள். குழாயடிச் சண்டை நடந்த இடத்தில் பூந்தொட்டிகள் வந்தன. மூன்று வீடும் சேர்ந்து, படுக்கையும் காலை உணவும் தரும் ஒரே விடுதியானது. கூப்பிடத்தான் ஆள் வரவில்லை. அக்காவே போய் வீட்டுக்காரர் முன்னால் நின்றார்.

"ரூம் புக் ஆயிடுச்சேக்கா. வேணும்னா வேலை தரேன். காலையில சாப்பாடு எடுத்து வைங்க, படுக்கை விரிங்க."

மகள் வீட்டு அடுப்படியில் முடங்கிப் படுத்து அலுத்தவர், அறைக்குப் பக்கத்திலாவது இருப்போம் என்று ஒப்புக்கொண்டார். தன் அறையில் தன் கையாலேயே அடுத்தவருக்குப் படுக்கை விரித்தார். மெஷினைச் சுற்றிக் கயிறு கட்டி, 'தொடாதீர்கள்' என்று எழுதி வைத்திருந்தார்கள்.

ஏன் என்பது ஒருநாள் சாப்பாட்டு மேசையில் தெரிந்தது. தூக்கம் கெட்ட கண்களோடு ஒரு விருந்தாளி மனைவியுடன் இறங்கி வந்தார்.

"ராத்திரி பூரா மெஷின் சத்தம்! ஓனர் சொன்னது நிஜம்தான். அந்தத் தையல்காரம்மா காதலனுக்காகக் காத்திருந்து, மெஷின் மேலயே செத்துட்டாங்களாமே?"

"அது தண்ணி மோட்டார் சார்," என்றார் அக்கா. "அப்புறம், நான் இன்னும் சாகல. முட்டை ஒண்ணு போதுமா, ரெண்டு வைக்கவா?"

விருந்தாளியின் மனைவி கைதட்டினார். "என்னமா நடிக்கிறாங்க!"

அக்கா அடுப்படிக்குத் திரும்பியதும் வீட்டுக்காரர் பின்னாலேயே ஓடி வந்தார். கோபம் இல்லை, முகமெல்லாம் பல். "அக்கா, இதையே தினமும் சொல்லுங்க. சம்பளம் கூட்டித் தரேன்."

"அது கிடக்கட்டும். ரூமை எப்ப தருவே?"

"செத்தவங்களுக்கு எதுக்குக்கா ரூம்?"

"உன் டவுசருக்குப் பொத்தான் தச்சவ செத்துட்டாளா? சரிடா தம்பி."

எந்தப் பேய்க்கதையையும் தோண்டிப் பாருங்கள். அடியில் யாரோ அமுக்கிய ஒரு சொத்து கிடக்கும். குடியிருந்தவருக்கு உரிமை உண்டு, பேய்க்கு ஏது?

தையலக்கா மாடியேறினார். கயிற்றை அவிழ்த்தார். மெஷினுக்கு எண்ணெய் விட்டு, ஊசியில் நூல் கோத்து, கிழிந்த விரிப்பு ஒன்றைத் தைக்க உட்கார்ந்தார். பெட்டிகளோடு வந்து நின்ற புது விருந்தாளிகளிடம், "ஆள் இருக்கு," என்றார். அவர்கள் பூரித்துப்போய்ப் படம் எடுத்தார்கள்.

வீட்டுக்காரர் பாடுதான் திண்டாட்டம். இவர் இங்கே குடியிருந்தவர் என்று சொன்னால் கதை கந்தலாகிவிடும். பேய் என்றே வைத்துக்கொண்டால், பேயை எந்தச் சட்டப்படி காலி செய்வது? படியில் நின்றுகொண்டு, "அக்கா, கீழ வாங்கக்கா, மானம் போகுது," என்று கெஞ்சுகிறார். அக்கா எழுந்திருப்பதாக இல்லை.

நாளை நீங்களும் அங்கே தங்கப் போகலாம். கைப்பேசியைப் பைக்குள் வையுங்கள். மற்ற விருந்தாளிகள் காதிலும் விழும்படி வீட்டுக்காரரைக் கேளுங்கள்: "இவங்க ரூமை இவங்களுக்கு எப்ப தரப் போறீங்க?" பதில் வரும்வரை உங்கள் பெட்டியைத் திறக்காதீர்கள்.